டோனாவூர் அம்மாவும் நம்ம வீட்டுக் கிறிஸ்துமஸும்





டிசம்பர் பிறந்தாலே நம்ம டவுன்ஷிப்பின் முகம் மாறிவிடுகிறது. குவார்ட்டர்ஸ் வாசல்களில் காகித நட்சத்திரம் தொங்குகிறது. மெயின் பஜாரில் ஜவுளிக் கடைக்குள் கால் வைக்க இடமில்லை. கடைக்குப் போகாதவர்களுக்குக் கையிலிருக்கும் போனே கடையாகிவிட்டது. முதல் ஷிப்ட் முடிந்து களைத்து வரும் தகப்பன் சட்டையைக் கூடக் கழற்றவில்லை, பிள்ளைகள் லிஸ்டோடு நிற்கிறார்கள். கேக்குக்கு இவ்வளவு, டிரஸ்ஸுக்கு இவ்வளவு, ஊருக்குப் போய்வர இவ்வளவு என்று கணக்குப் போட்டு, மிச்சத்துக்குக் கடன் வாங்கி, ஜனவரியில் வட்டி கட்டுகிற வீடுகள் நமக்குள்ளேயே உண்டு. கிறிஸ்துமஸை ஆசரிக்கலாமா கூடாதா என்பதில் பெந்தெகொஸ்தே சபைகளுக்குள் இரண்டு கருத்து உண்டு என்பது எனக்குத் தெரியும். அந்த வழக்கைத் தீர்க்க நான் வரவில்லை. ஆசரிக்கிறவர்கள் எப்படி ஆசரிக்கிறோம் என்பதுதான் என் பாரம்.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊழியக்காரர்களுடைய ஜீவிய சரித்திரங்களைச் சொல்லுவது என் வழக்கம். இந்த வருஷம் டோனாவூர் அம்மா ஏமி கார்மைக்கேலின் வாழ்க்கையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல, இதைப் பெரியவர்களாகிய நாம்தான் முதலில் கேட்கவேண்டும் என்று ஆவியானவர் என்னை ஏவினார். அதனால் எழுதுகிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

கேட்டது கிடைக்காத பிள்ளை

ஏமி 1867-ஆம் வருஷம் டிசம்பர் 16-ஆம் தேதி, அயர்லாந்து தேசத்தின் வடபகுதியில் மில்லைல் என்ற கடலோர ஊரில் பிறந்தார். கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள் முன்பு பிறந்த குழந்தை! ஏழு பிள்ளைகளில் மூத்தவர். தகப்பனாருக்கு மாவு மில் இருந்தது. வசதியான, தேவபக்தியுள்ள குடும்பம்.

மூன்று வயது இருக்கும்போது ஏமிக்கு ஒரு ஆசை வந்தது. அம்மாவுக்கு இருப்பதுபோல் தனக்கும் நீலக் கண்கள் வேண்டும். ஜெபித்தால் ஆண்டவர் தருவார் என்று அம்மா சொல்லியிருந்தாரே! ராத்திரி படுக்கையருகே முழங்கால்படியிட்டுக் கேட்டுவிட்டு, துளி சந்தேகமும் இல்லாமல் தூங்கிப்போனது குழந்தை. காலையில் எழுந்து ஓடிப்போய்க் கண்ணாடியில் பார்த்தால், அதே பழுப்பு நிறக் கண்கள். இல்லை என்பதும் ஆண்டவர் தருகிற ஒரு பதில்தான் என்று அந்த வயதிலேயே அது கற்றுக்கொண்டது.

பிற்காலத்தில் அவர் சேலை உடுத்தி நம்ம திருநெல்வேலிச் சீமை ஜனங்களுக்குள் ஒருத்தியாக நடந்தபோது, அந்தப் பழுப்புக் கண்கள் அவருக்கு எவ்வளவு உதவியாயிருந்தன! நீலக் கண் என்றால் தூரத்திலேயே வெள்ளைக்காரி என்று காட்டிக் கொடுத்திருக்கும்.

பிள்ளை கேட்டதை வாங்கிக் கொடுக்காவிட்டால் அதற்கு ஏக்கம் வந்துவிடுமே என்று பயப்படுகிற தாய்மாரே, தகப்பன்மாரே, பரம தகப்பன் தம் பிள்ளைக்கு இல்லை என்று சொன்னார். அந்தப் பிள்ளை கெட்டுப்போகவில்லை.

ஷால் போர்த்திய பெண்கள்

குடும்பம் பெல்பாஸ்ட் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆலயத்திலிருந்து திரும்பும் வழியில், ஒரு ஏழைக் கிழவி பாரமான மூட்டையைத் தூக்க முடியாமல் தள்ளாடிக்கொண்டு போனாள். ஏமியும் இரண்டு தம்பிமாரும் மூட்டையை வாங்கிக்கொண்டு, கிழவியின் கையையும் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஆலயத்துக்குப் போய்வருகிற பெரிய மனிதர்கள் எல்லாரும் எதிரே வருகிறார்கள். ஏமிக்கு முகம் சிவந்து போயிற்று. அந்நேரம், தெருவோர நீரூற்று ஒன்றைக் கடக்கும்போது, 1 கொரிந்தியர் 3-ஆம் அதிகாரத்து வார்த்தைகள் அவருடைய உள்ளத்தில் பலமாகத் தொனித்தன. பொன், வெள்ளி, விலையேறப்பெற்ற கல் எது, மரம், புல், வைக்கோல் எது, அக்கினியில் நிற்கப்போவது எது என்ற வசனங்கள். அன்று பிற்பகல் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு தேவனோடு ஒரு கணக்குத் தீர்த்தார். அதன்பின் உலகத்தார் மதிப்பு அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

1885-இல் தகப்பனார் மரித்தார். அடுத்த வருஷம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடந்த ஒரு பரிசுத்த ஜீவியக் கூட்டத்தில் தேவன் அவரை ஆழமாகச் சந்தித்தார். துக்க உடையை மாற்றும் காலம் வந்தபோது, விருந்துகளுக்கு உடுத்துகிற நல்ல உடை ஒன்று எடுக்கத் தாயார் அவரைக் கடைக்கு அழைத்துப்போனார். கடைக்காரர் இருப்பதிலேயே அழகானவைகளை எடுத்து விரித்துப் போட்டார். ஏமி பார்த்தார். வேண்டாம் என்று தாயாரிடம் சொல்லிவிட்டார். கடைக்காரருக்கு எப்படியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

உடையை வேண்டாம் என்றவரின் கண், உடையில்லாதவர்கள் மேல் திரும்பியது. அந்நாளில் பெல்பாஸ்ட் ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்குத் தொப்பி வாங்க வசதியில்லை. தலையில் ஷாலைப் போர்த்திக்கொண்டு போவார்கள். அதனால் ஷாலிகள் என்று அவர்களுக்கு இளக்காரமாக ஒரு பேர். ஏமி அவர்களை ஆலயத்துக்குக் கூட்டிவந்தார். ஆராதிக்க வந்த கனவான்களுக்கு அது பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நல்ல உடையில் வருகிற இடத்தில் இதென்ன என்று முகம் சுளித்தார்கள். கூட்டமும் பெருகி இடம் போதாமற்போயிற்று. ஐந்நூறு பேர் உட்காரும் இரும்புத் தகட்டுக் கூடம் ஒன்று 500 பவுனுக்குக் கிடைக்கும் என்று அறிந்து, மனிதரிடம் கையேந்தாமல் ஜெபித்தார். பணத்தை ஒரு சீமாட்டி கொடுத்தார். நிலத்துக்கு ஒரு ஆலை முதலாளி வழிசெய்தார். 1889-ஆம் வருஷத் தொடக்கத்தில் அந்தக் கூடம் திறக்கப்பட்டது. வரவேற்பு என்பதே அதன் பெயர்.

தேவபிள்ளைகளே, இதை எழுதும்போது என் மனம் நெய்வேலிக்கே வருகிறது. நம்ம சபையில் நிரந்தரத் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும், காண்ட்ராக்ட் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் ஒரே பாயில்தான் உட்காருகிறார்கள். வருஷத்தில் ஐம்பத்தியொரு வாரம் அவர்களுக்குள் வித்தியாசம் தெரியாது. கிறிஸ்துமஸ் ஆராதனை அன்றைக்கு மட்டும் தெரிந்துவிடுகிறது. ஒரு வருஷம், வசனம் ஒப்பிப்பதில் எப்போதும் முந்திக்கொள்ளும் ஒரு சின்னப் பெண் அன்று காலை வரவில்லை. காய்ச்சலோ என்று மறுநாள் வீட்டுக்குப் போனேன். காய்ச்சல் இல்லை. எல்லாரும் புது டிரஸ்ஸில் வருவாங்க, நான் மட்டும் எப்படி வருவது என்று உட்கார்ந்துவிட்டாளாம். தாய் கண்ணீரோடு சொன்னாள்.

இயேசு மாட்டுத் தொழுவத்தில் பிறந்தார் என்று பாடுகிற ஆராதனைக்கு, உடை இல்லை என்று ஒரு பிள்ளை வராமல் இருந்தால், நாம் என்ன பாடினோம்?

ஒரு ஜோடி கையுறை

1893-இல் ஏமி ஜப்பான் தேசத்துக்கு ஊழியத்துக்குப் போனார். ஒருநாள் கடுங்குளிர். மிசாகி என்ற ஜப்பானிய சகோதரியோடு வியாதியாயிருந்த ஒரு மூதாட்டியைப் பார்க்கப் போனார். ஏமி சொல்ல, மிசாகி மொழிபெயர்க்க, அந்த அம்மாள் கவனமாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். இரட்சிப்பின் வாசலண்டை வந்துவிட்டாள் என்றிருந்த நேரத்தில், அவளுடைய கண் ஏமியின் கையில் விழுந்தது. குளிருக்காக அவர் போட்டிருந்த மென்மயிர்க் கையுறை! இது என்ன, இப்படி ஒன்றைப் பார்த்ததேயில்லையே என்று அவள் கேட்க ஆரம்பித்தாள். பேச்சு கையுறைக்குப் போயிற்று. திரும்ப வரவேயில்லை.

ஏமி வீட்டுக்கு வந்து அழுதார். கையுறையில் பாவம் ஒன்றுமில்லை. குளிருக்குத் தேவையானதுதான். ஆனாலும் ஒரு ஆத்துமாவுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் அது வந்து நின்றுவிட்டதே! அதற்குப் பிறகு ஊழியத்துக்குப் போகும்போது அந்த ஊர்ப் பெண்கள் உடுத்தும் சாதாரண கிமோனோவையே உடுத்திக்கொண்டார்.

நம்ம சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். பழுப்பு நிலக்கரி எங்கே இருக்கிறது? ஆழத்தில் இருக்கிறது. ஓவர்பர்டன் என்று நம்ம ஆட்கள் சொல்லுகிற மேல்மண்ணை ராட்சத இயந்திரங்களை வைத்து ராத்திரி பகலாக வாரி அகற்றினால்தான் கரி கண்ணில் படும். 1957-இல் இங்கே சுரங்கம் வெட்டத் துவங்கினார்கள். கரி வெளிப்பட்டது 1961-இல். நாலு வருஷம் மண்ணை அகற்றியிருக்கிறார்கள்! அந்த மண் கெட்ட மண் அல்ல. அதில் முந்திரி விளைந்தது. ஆனாலும் வெளிச்சம் தருகிற பொருளை அது மூடிக்கொண்டிருந்தது. நம்ம கிறிஸ்துமஸிலும் கேக்கு பாவமல்ல, நட்சத்திரம் பாவமல்ல, புது சேலை பாவமல்ல. அவைகளுக்கு அடியில் இயேசு எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறார் என்பதுதான் கேள்வி.

நட்சத்திரக் கூட்டம்

சரீர பலவீனத்தால் ஜப்பானில் ஏமி நிலைக்க முடியவில்லை. 1895 நவம்பரில் பெங்களூர் வந்தார். அடுத்த வருஷம் திருநெல்வேலிக்கு வந்து, தாமஸ் வாக்கர் என்ற மிஷனெரியிடம் தமிழ் படித்தார். பண்ணைவிளையில் இருந்துகொண்டு தமிழ் சகோதரிகள் சிலரைச் சேர்த்துக்கொண்டு மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகச் சுவிசேஷம் சொல்லப் போனார். அந்தப் பெண்களைப் பார்த்த கிராமத்து ஜனங்கள் அவர்களுக்கு நட்சத்திரக் கூட்டம் என்று பெயர் வைத்தார்கள். பாருங்கள், வாசலில் நட்சத்திரம் கட்டியவர்கள் அல்ல அவர்கள். அவர்களே நட்சத்திரமாயிருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் பொன்னம்மாள் என்ற சகோதரி இருந்தார். அந்தக் காலத்து வழக்கப்படி காதிலும் கழுத்திலும் நகை அணிந்திருந்தார். தாங்கள் பேசிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு சிறுமி, தான் பெரியவளானால் இந்தக் கூட்டத்தில் சேர்ந்து அந்த அக்காவைப்போல் நகை போட்டுக்கொள்வேன் என்று சொன்னது அவர் காதில் விழுந்தது. சுவிசேஷம் சொல்லப் போன இடத்தில் பிள்ளை பார்த்தது நகையை! பொன்னம்மாள் உடைந்துபோனார். ஜெபித்தார். கழற்றிவிட்டார். மற்றச் சகோதரிகளும் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள்.

இது சட்டம் போட்டு வந்ததல்ல. சுலபமாக நடந்ததுமல்ல. நகைதான் நம்ம ஊரில் குடும்பத்தின் கௌரவம். வெறுங்கழுத்தோடு பெண் வெளியே போனால் கணவனுக்கும் மாமியார் வீட்டுக்கும் அவமானம் என்று உறவினர் கொதித்தார்கள். கிறிஸ்தவர்களே எதிர்த்தார்கள். பிற்பாடு ஆபத்திலிருக்கும் பிள்ளைகளைக் காப்பாற்ற இந்தச் சகோதரிகள் கள்ளர் பயமுள்ள பாதைகளில் ராத்திரியில் வண்டிகட்டிப் போகவேண்டியிருந்தபோது, நகையில்லாத கழுத்து எவ்வளவு நன்மையாயிருந்தது என்று கண்டுகொண்டார்கள்.

இந்த இடத்தில் நாம் எல்லாரும் ஆமென் சொல்லிவிடுவோம். நகை கழற்றினவர்கள்தானே நாம்! ஞானஸ்நானம் எடுத்த அன்றே கம்மலைக் கழற்றிக் கொடுத்த சாட்சிகள் நமக்குள் உண்டு. தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் ஒரு கேள்வியைத் தாழ்மையாய்க் கேட்கிறேன். கழுத்திலிருந்து இறங்கின தங்கம் எங்கே போய் ஏறிக்கொண்டது? சேலைக் கரையில் ஏறிக்கொண்டதா? கைபேசியாக மாறியதா? சுவரை மறைக்கிற டிவியாக நிற்கிறதா? பிள்ளையின் பைக்காக வாசலில் நிற்கிறதா? அன்று அந்தச் சிறுமி பொன்னம்மாளின் நகையைப் பார்த்தாள். இன்று நம்மைப் பார்க்கிற சிறுமி எதைப் பார்க்கிறாள்?

பிறந்த நாள் தெரியாத பிள்ளைகள்

1901-ஆம் வருஷம் மார்ச் 6-ஆம் தேதி. பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி கோயில் பெண்கள் வீட்டிலிருந்து தப்பி ஓடிவந்து ஏமியிடம் அடைக்கலமானாள். சின்னப் பெண்பிள்ளைகளைத் தெய்வத்துக்குப் பொட்டுக்கட்டிவிடுகிற வழக்கம் அக்காலத்தில் இருந்தது. அதற்குப் பின்னால் அந்தப் பிள்ளைகள் படும் கொடுமை என்னவென்று ஏமி அறிந்துகொண்டது பிரீனாவின் வாயிலிருந்துதான். இந்தக் கொடுமையை எதிர்த்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சென்னை சட்டசபையில் போராடினதும், 1947-இல் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்யும் சட்டம் வந்ததும் பிந்தின சரித்திரம். அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே ஏமி ஒரு பிள்ளையை அணைத்துக்கொண்டார். ஒன்று பத்தாயிற்று. பத்து நூறாயிற்று. மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்தில், களக்காட்டுக்குப் பக்கத்திலுள்ள டோனாவூர் அவர்களுக்கு வீடாயிற்று. 1918 முதல் ஆண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அதை அநாதை இல்லம் என்று அவர் நினைக்கவில்லை. குடும்பம் என்றே நினைத்தார். ஏமி அவர்களுக்கு அம்மா. வளர்த்த சகோதரிகள் அக்காமார், சித்திமார். சகோதரர்கள் அண்ணாச்சிமார். யாருக்கும் சம்பளம் கிடையாது. தேவை என்று மனிதரிடம் கேட்பதும் கிடையாது. பிதாவிடம் கேட்டார்கள். அவர் போஷித்தார்.

இந்தப் பிள்ளைகளில் அநேகருக்குத் தங்கள் பிறந்த நாள் தெரியாது. அதனால் டோனாவூரில் ஒரு அருமையான வழக்கம் வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த நாளை, வந்த நாள் என்று கொண்டாடினார்கள். பூ வைத்து, ஜெபித்து, சின்னதாய் ஒரு பரிசு கொடுத்து, நீ எங்களுக்கு வந்த நாள் இது என்று அந்தப் பிள்ளையை மகிழப்பண்ணினார்கள். பரிசு பெரிதல்ல. அந்தப் பிள்ளை வந்ததே பெரிது.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது கர்த்தர் எனக்கு ஒரு காரியத்தை உணர்த்தினார். டிசம்பர் 25-தான் இயேசு பிறந்த தேதி என்று வேதத்தில் எங்கும் இல்லை. இது பலரும் சொல்லுகிற ஆட்சேபனை. சரி, பிறந்த தேதி தெரியாவிட்டால் என்ன? அவர் வந்தார் அல்லவா! நமக்குள்ளே வந்து வாசம்பண்ணினார் அல்லவா! தேதி தெரியாத பிள்ளைக்கு டோனாவூர் வீட்டார் வந்த நாள் கொண்டாடினதுபோல, கிறிஸ்துமஸும் ஒரு வந்த நாள்தான். வந்த நாளில் எல்லாருடைய கண்ணும் யார்மேல் இருக்கவேண்டும்? வந்தவர்மேல் இருக்கவேண்டும். பரிசுப் பொருள்மேல் அல்ல.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எளிமை என்றால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருப்பது அல்ல. ஏமி அம்மாவுக்கு அழகு பிடிக்கும். பூந்தோட்டங்கள் வைத்தார். பெண்பிள்ளைகளுக்கு நல்ல நிறத்தில் சேலை உடுத்தினார். 1917-இல் மலைமேல் காட்டில் ஒரு இடம் வாங்கி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய் அருவித் தடாகத்தில் நீச்சலடிக்க வைத்தார். வேலையும் பாட்டும் சிரிப்புமாய் இருந்த வீடு அது. பிள்ளைகளுடைய சந்தோஷத்துக்குக் குறைவே வைக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தைக் கடையில் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

கல்லில்லாத கல்லறை

1919-இல் ஆங்கிலேய அரசாங்கம் அவருடைய சேவைக்காக கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் அறிவித்தது. தன் ஆண்டவர் அவமதிக்கப்பட்டவராய் இருந்தாரே, தனக்கு இது தகாதே என்று அவர் கலங்கினார். மறுத்தால் நன்றாயிராது என்று மற்றவர்கள் வற்புறுத்தினதால் ஏற்றுக்கொண்டார். பதக்கம் வாங்கும் விழாவுக்கோ போகவில்லை.

1931 அக்டோபர் 24-ஆம் தேதி, களக்காட்டில் வைத்திய ஊழியத்துக்காக எடுத்த ஒரு வீட்டைப் பார்க்கப் போனார். இருட்டுகிற நேரம். புதிதாய்த் தோண்டியிருந்த குழி தெரியாமல் அதில் விழுந்து கால் முறிந்தது. அதன்பின் ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் அந்த ஒரே அறையும் கட்டிலும்தான் அவருடைய உலகம். அங்கிருந்தே புஸ்தகங்கள் எழுதினார். பிள்ளைகளுக்குக் கடிதங்கள் எழுதினார். ஜெபித்தார். இந்தியாவுக்கு வந்த நாள்முதல் ஐம்பத்தைந்து வருஷம் ஒரு தடவையாவது தாய்நாட்டுக்கு விடுமுறையில் போனதில்லை. 1951 ஜனவரி 18-ஆம் தேதி, 83-ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

தன் கல்லறைமேல் கல் வைக்கக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் வந்து தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்தார்கள். அம்மை என்ற ஒரு சொல் மாத்திரம் அதில் இருக்கிறது. சரித்திரம் முழுவதையும் அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது.

இந்தக் கிறிஸ்துமஸில் நாம் என்ன செய்யலாம்?

சரித்திரம் கேட்டு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போவது சுலபம். வீட்டில் செய்யத்தக்க சில காரியங்களை எழுதுகிறேன். இது சட்டமல்ல. ஜெபித்து, உங்க வீட்டுக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, டிசம்பர் முதல் வாரத்தில் ஒருநாள் குடும்ப ஜெபம் முடிந்ததும் வரவு செலவு நோட்டைப் பிள்ளைகளுக்கு முன்பாகவே திறந்து வையுங்கள். இவ்வளவுதான் இருக்கிறது, கடன் வாங்கி இயேசுவின் வந்த நாளைக் கொண்டாட மாட்டோம் என்று தகப்பனார் சொல்லட்டும். பிள்ளைகளுக்குப் புரியாது என்று நினைக்காதீங்க. மூன்று வயதுக் குழந்தைக்கே இல்லை என்ற பதில் புரிந்ததே!

இரண்டாவது, புது உடை வாங்க வசதியிருந்தால் வாங்குங்கள். ஆனால் 25-ஆம் தேதி ஆராதனைக்கு அதை உடுத்தவேண்டாம். வேறொரு ஞாயிறு உடுத்திக்கொள்ளட்டும். கிறிஸ்துமஸ் காலையில் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாரும் துவைத்துத் தேய்த்த பழைய உடையில் வாங்க. இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. பத்துக் குடும்பம் இப்படி வந்தால் போதும். அந்தச் சின்னப் பெண் தன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு தலைநிமிர்ந்து உள்ளே வருவாள்.

மூன்றாவது, கொடுக்கிறதை மறைவாய்க் கொடுங்கள். ஏழைப் பிள்ளைகளை மேடையில் வரிசையாக நிறுத்தி, உடை கொடுத்து, போட்டோ எடுப்பது வேண்டாம். இடதுகை அறியாமல் வலதுகை கொடுக்கட்டும். கிழிந்ததையும் சாயம் போனதையும் கழித்துக் கொடுப்பதும் வேண்டாம். உங்க பிள்ளைக்கு எந்தத் தரமோ அதே தரம்.

நாலாவது, கேக்கு டப்பாவை வேறு வீட்டுக்கு அனுப்புவதைவிட, உங்க வீட்டுப் பாயில் ஒரு குடும்பத்தை உட்காரவைத்துச் சாப்பிடுங்கள். மந்தாரக்குப்பம் பக்கத்திலோ சுற்றுக் கிராமங்களிலோ, அன்றைக்கு வேலைக்குப் போய்த் திரும்பி வருகிற எத்தனையோ பேர் உண்டு. நைட் ஷிப்ட் முடிந்து தனியாய் ரூமுக்குப் போகிற வாலிபர்கள் உண்டு. பக்கத்து வீட்டு இந்துச் சகோதரர்களையும் கூப்பிடுங்கள். பிரியாணி சாதாரணமாய் இருந்தால் பரவாயில்லை.

ஐந்தாவது, பிள்ளைகளுக்குப் பரிசு என்றால் நேரத்தைக் கொடுங்கள். அன்று ஒருநாள் டிவியும் போனும் ஓய்வெடுக்கட்டும். தகப்பன் பிள்ளைகளை உட்காரவைத்து, இயேசு தன் வாழ்க்கையில் வந்த நாளைப்பற்றிச் சாட்சி சொல்லட்டும். நம்ம பிள்ளைகளில் எத்தனைபேர் தங்கள் அப்பா இரட்சிக்கப்பட்ட கதையை முழுதாய்க் கேட்டிருக்கிறார்கள்?

பிரியமானவர்களே, எழுப்புதல் வேண்டும் என்று உபவாசித்து ஜெபிக்கிறோம். இரா ஜெபம் வைக்கிறோம். நல்லதுதான். அதோடு, நடுவில் நிற்கிறதை நீக்கிப்போடவும் ஒப்புக்கொடுப்போம். ஜப்பானில் அது ஒரு ஜோடி கையுறையாயிருந்தது. திருநெல்வேலியில் ஒரு ஜோடிக் கம்மலாயிருந்தது. நெய்வேலியில் அது என்ன என்று அவரவர் வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு ஆண்டவரிடத்தில் கேட்போம். அவர் காட்டுவார். காட்டினால் தாமதிக்கவேண்டாம். வந்தவர் மறுபடியும் வருகிறார்.

கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக. மாரநாதா!

கிறிஸ்துவின் அன்பில்,
ஞாயிறு பள்ளிச் சகோதரி,
நெய்வேலி